வரி பாக்கியா? பயந்து பதுங்காதீர்கள்!
கரிசல் சீமைச் சிறு தொழிலாளிகளுக்கு ஒரு வழி

கோவில்பட்டி என்றதும் இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று, கடலை மிட்டாய். மற்றொன்று, தீப்பெட்டி.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் எல்லாம் கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து விளையும். மழை ஏமாற்றினால்? ஆண்கள் வேலை தேடி வெளியூர் போவார்கள். பெண்கள் தீப்பெட்டி ஆலைக்குப் போவார்கள். அந்தக் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரியும். வானம் கைவிட்ட ஊர்களைக் காப்பாற்றியது தீக்குச்சி!

அந்தத் தீப்பெட்டியைச் செய்து விற்கும் சிறு முதலாளியின் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு சங்கதி உண்டு. அதுதான் வரி பாக்கி.

"ஏமாற்றுகிறவனுக்குத்தானே பாக்கி வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படி அல்ல. யோக்கியமாகக் கணக்கு எழுதுகிறவருக்கும் பாக்கி வரும். அது எப்படி?

ஒட்டுக் காகிதக் காலம்

1934-ம் ஆண்டில் வெள்ளைக்கார சர்க்கார் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டது. வரிக்கு அடையாளமாக "பாண்ட்ரோல்" என்று ஓர் ஒட்டுக் காகிதம் உண்டு. அதைப் பெட்டிக்குப் பெட்டி ஒட்டவேண்டும். ஒட்டாத பெட்டி ஆலையை விட்டு வெளியே போகக்கூடாது.

அது பெரிய தொல்லைதான். ஆனாலும் அதில் ஒரு நன்மை இருந்தது. வரி தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. எது வரி, எது தன் பணம் என்பது முதலாளிக்குப் புரிந்தது.

இன்று அந்தக் காகிதம் இல்லை. 2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்தது. இப்போது சரக்கின் விலையும் வரியும் ஒரே பில்லில் எழுதப்படுகின்றன. இரண்டும் ஒரே பெட்டியில் வந்து விழுகின்றன. கூலி கொடுக்கவும், மெழுகு வாங்கவும், மகளின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவும் அதே பெட்டியில்தான் கை போகிறது. வரிப் பணம் கரைந்துபோவது இப்படித்தான்.

பணத்துக்கு முன்னால் கெடு!

இன்னொரு சங்கடமும் உண்டு. இதுதான் பெரியது.

தீப்பெட்டி வடநாட்டுக்குப் போகிறது. அங்குள்ள வியாபாரி ரொக்கம் தருவதில்லை. "மூன்று மாதம் பொறுங்கள்" என்கிறார். ஆனால் வரி, பணம் வந்த நாளைப் பார்ப்பதில்லை. பில் போட்ட நாளைத்தான் பார்க்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மார்ச்சு மாதம் சரக்கு போகிறது. அட்டை, மெழுகு, ரசாயனம் வாங்கியபோது கொடுத்த வரியைக் கழித்தபின், கட்டவேண்டியது 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கணக்கு கொடுப்பவருக்குக் கெடு ஏப்ரல் 20. வியாபாரி பணம் தருவது ஜூன் மாதம். இடையில் இரண்டு மாதம். அந்த 1 லட்சத்துக்கு அவர் எங்கே போவார்?

விலையை ஏற்றிச் சமாளிக்கவும் முடியாது. 2007-ல் ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, இரண்டு ரூபாய் ஆனது 2021 டிசம்பர் 1-ந்தேதிதான். நடுவில் 14 வருடம்!

ஆக, சிறு முதலாளி இரண்டு பேருக்குக் கடன் கொடுக்கிறார். வாங்கிய வியாபாரிக்கு ஒரு கடன். சர்க்காருக்கு ஒரு கடன். கையில் இல்லாதவர் கொடுக்கும் கடன் இது!

ஒன்றரை வட்டி

கெடு தப்பினால் என்ன ஆகும்?

வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். நம் ஊர் வழக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். 1 லட்சத்துக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 49 ரூபாய். அதோடு, கணக்கைத் தாமதமாகக் கொடுப்பதற்கு நாளுக்கு 50 ரூபாய். வருட வியாபாரம் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால், இந்தத் தாமதக் கட்டணம் ஒரு கணக்குக்கு 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. வட்டிக்கு அப்படி எல்லை இல்லை.

முழுப் பணமும் இல்லை, பாதிதான் இருக்கிறது என்றால்? மாதக் கணக்குக்கு ஜி.எஸ்.டி.ஆர். 3பி என்று பெயர். முழு வரியும் கட்டாமல் அதைக் கொடுக்க முடியாது. ஆனால் கையில் உள்ள பாதியைக் கெடுவுக்குள் ஜி.எஸ்.டி. ரொக்கப் பேரேட்டில் போட்டு வைக்கலாம். கணக்குக் கொடுக்கும் வரை எடுக்காமல் விட்டால், அந்தப் பாதிக்கு வட்டி இல்லை. 2024 ஜூலையில் வந்த திருத்தம் இது. பலருக்குத் தெரியாது.

லாரி நிற்கும்!

வட்டியைவிடப் பெரிய ஆபத்து வேறு.

தொடர்ந்து இரண்டு கணக்குக் கொடுக்காவிட்டால், "இ-வே பில்" போட முடியாது. அது இல்லாமல் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்ட முடியாது. ஆலையில் பண்டல் பண்டலாகத் தீப்பெட்டி இருக்கும். வாசலில் லாரி நிற்கும். சரக்கு நகராது.

மாதக் கணக்கு கொடுப்பவர் தொடர்ந்து ஆறு மாதம் விட்டுவிட்டால், பதிவையே ரத்து செய்யலாம். பிறகு வரி போட்டு பில் எழுத முடியாது. வாங்கும் வியாபாரி வேறு ஆலைக்குப் போய்விடுவார். வேலைக்கு வந்த பெண்கள் வீடு திரும்புவார்கள்.

ஆகவே, பாக்கி என்பது ஒருவர் பிரச்சினை அல்ல. ஓர் ஊரின் கூலிப் பிரச்சினை.

நோட்டீசு வந்தால்...

பலர் செய்யும் தவறு, நோட்டீசைப் பார்க்காமல் இருப்பது. இப்போது நோட்டீசு தபால்காரர் கையில் வரவேண்டும் என்பது இல்லை. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுவிடுகிறார்கள். பதிவில் உள்ள டெலிபோன் நம்பர் கணக்கு எழுதுகிறவருடையதாக இருக்கும். முதலாளிக்குத் தகவலே தெரியாது. "நோட்டீசு வந்தது தெரியவில்லை" என்று சென்னை ஐகோர்ட்டுக்குப் போன வழக்குகள் பல.

உங்கள் சொந்த நம்பரைப் பதிவு செய்யுங்கள். வாரம் ஒரு நாள், படித்த மகனையோ மகளையோ பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்குக் கொடுக்காதவருக்கு, முதலில் 15 நாள் கெடுவுடன் நோட்டீசு வரும். அதையும் விட்டால், ஆபீசரே ஒரு தொகையை மதிப்பிட்டு உத்தரவு போடுவார். அது உண்மையான வரியைவிட அதிகமாக இருக்கலாம். ஆனால் உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் முறையான கணக்கைக் கொடுத்தால், அந்த உத்தரவு தானாக ரத்தாகிவிடும். வட்டியும் தாமதக் கட்டணமும் மட்டும் நிற்கும்.

பல மாதம் பாக்கியா? பழைய மாதத்திலிருந்து வரிசையாக வாருங்கள். முந்தியதை விட்டுவிட்டுப் பிந்தியதைக் கொடுக்க முடியாது. மூன்று வருடம் தாண்டிய கணக்கைக் கொடுக்கவே முடியாது.

வரி விகிதம் குறைந்தால் பழைய பாக்கியும் குறையும் என்று எண்ணவேண்டாம். 2017-ல் கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மறுபடி மாற்றி அமைக்கப்பட்டன. எந்த மாதத்துப் பாக்கியோ, அந்த மாதத்து விகிதம்தான்.

தவணை உண்டா?

உண்டு. 24 மாதத் தவணை வரை கமிஷனர் அனுமதிக்கலாம். தொகை 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையக்கூடாது. ஒரு தவணை தப்பினாலும் மீதி முழுவதையும் உடனே கட்டவேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆபீசர் உத்தரவு போட்டு விதித்த பாக்கிக்குத்தான் இந்தச் சலுகை. நீங்களே கணக்கில் காட்டிய வரிக்குத் தவணை கிடையாது. நேர்மையாக ஒப்புக்கொண்டவருக்குச் சலுகை இல்லை! இது நியாயமா?

"எப்படியும் சர்க்கார் தள்ளுபடி செய்யும்" என்று காத்திருப்பவர்களும் உண்டு. பழைய விற்பனை வரி பாக்கிக்குத் தமிழ்நாடு சர்க்கார் 2023 அக்டோபரில் சமாதானத் திட்டம் கொண்டுவந்தது. 50 ஆயிரம் ரூபாய் வரை உள்ள பாக்கி முழுவதும் தள்ளுபடி ஆனது. ஜி.எஸ்.டி.யின் முதல் மூன்று ஆண்டு பாக்கிக்கு, 2025 மார்ச்சு 31-க்குள் வரியைக் கட்டியவர்களுக்கு வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று ஒரு சலுகை வந்தது. இரண்டும் முடிந்துவிட்டன. அடுத்தது வரும் என்று நம்பி உட்கார்ந்தால், ஒன்றரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் பணத்தைக் கேளுங்கள்

சிறு தொழில்களுக்கென்று 2006-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. "உத்யம்" பதிவு உள்ள சிறு ஆலையிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி! புகாரை விசாரிக்க மதுரையிலேயே ஒரு மன்றம் இருக்கிறது.

"வியாபாரி கோபித்துக்கொள்வாரே!" என்ற தயக்கம் இயல்புதான். தனியாகக் கேட்டால் கோபிப்பார். சங்கம் மூலம் எல்லா ஆலைகளும் "45 நாள்தான்" என்று சொன்னால், அவர் யாரைக் கோபிப்பார்?

சர்க்காருக்கும் ஒரு கோரிக்கை. இங்கிலாந்தில் வருட வியாபாரம் 13 லட்சத்து 50 ஆயிரம் பவுனுக்குள் உள்ளவர்கள், வாங்கியவர் பணம் கொடுத்த பிறகு வரி கட்டினால் போதும் என்ற முறை உண்டு. நம் நாட்டிலும் ஜி.எஸ்.டி.க்கு முன்பு, சேவை வரியில் 50 லட்சம் ரூபாய் வரை சிறியவர்களுக்கு அந்த வசதி இருந்தது. அதைத் தீப்பெட்டிக்காரருக்கும் கடலை மிட்டாய்க்காரருக்கும் கொடுத்தால், சர்க்காருக்கு வரி குறையாது. கொஞ்சம் தாமதமாக வரும். அவ்வளவுதான்.

அதுவரை ஒரு சுலபமான வழி உண்டு. வரிக்கென்று தனியாக ஒரு பாங்கிக் கணக்கு திறவுங்கள். பணம் வந்த அன்றே வரிப் பங்கை அதில் போடுங்கள். முன்பு பெட்டியில் காகிதம் ஒட்டினார்கள். இப்போது பணத்தின் மேல் ஒட்டுங்கள்: "இது என் பணம் அல்ல!"