பதிவகங்களுக்கும் பொறுப்பு உண்டு



இணையப் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு, ‘.காம்’ போன்ற பழைய பின்னொட்டுகளில் மண்டிக் கிடக்கும் மோசடியைக் களையாமலேயே, விண்ணப்பம் ஒன்றுக்கு 2,27,000 டாலர் கட்டணத்தில் புதிய பின்னொட்டுகளுக்கான சுற்றை 2026 ஏப்ரலில் திறக்க முடிவெடுத்தது பொதுமக்களை அவமதிக்கும் செயலாகும்.

முகவரி முழுமையாக இல்லாததால் பொதி கிடங்கில் தேங்கியிருப்பதாகவும், இணைப்பைத் தொட்டுச் சிறு தொகை செலுத்த வேண்டும் என்றும் இந்திய அஞ்சல் துறையின் பெயரால் கைபேசிகளுக்கு வந்த செய்திகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 ஜனவரி முதல் ஜூலை வரை மட்டும் அத்துறையின் இணைய முகவரியைப் போலத் தோற்றமளிக்கும் 470-க்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவானதை ஃபோர்டிகார்டு லேப்ஸ் என்னும் பாதுகாப்பு ஆய்வகம் கண்டறிந்தது. ஒரு நாட்டின் அஞ்சல் துறையை ஒத்த பெயர்கள் இத்தனை பதிவாகியும் விற்றவர்கள் எவருக்கும் ஐயம் எழவில்லை என்பது வெட்கக்கேடு.

பதிவகம் என்பது ‘.காம்’, ‘.டாப்’ போன்ற ஒரு பின்னொட்டின் கீழ் அமையும் எல்லாப் பெயர்களின் மூலப் பட்டியலையும் வைத்திருக்கும் நிறுவனம். பெயரை நேரில் விற்பவர் பதிவு முகவரே என்றாலும், விற்பனையில் ஒரு பங்கு பதிவகத்துக்குப் போகிறது; பெயரை உலகெங்கும் முடக்கும் அதிகாரமும் அதனிடம் இருக்கிறது. பணத்தையும் அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு, புகார் வந்தால் முகவரைக் கைகாட்டுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஐகானுடன் பதிவகங்கள் செய்துள்ள ஒப்பந்தத்தில் 2024 ஏப்ரல் 5-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தீநிரல், போலித் தளம் காட்டித் தகவல் பறிக்கும் ஃபிஷிங் முதலியவற்றின் மீது நடவடிக்கை எடுக்கப் பதிவகங்களைக் கடமைப்படுத்துகிறது. ஆனால் கேட்காமலே குவிக்கப்படும் குப்பை அஞ்சல், அத்தகைய தீங்குகளைச் சுமந்து வந்தால் மட்டுமே முறைகேடாகும் என்று விலக்களித்து, அதை அனுப்புவோருக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்த அரைகுறைக் கடமையும் மீறப்படுகிறது என்பதற்கு, ஃபிஷிங் புகார்களைக் கவனிக்கவில்லை என்று ‘.டாப்’ பதிவகத்துக்கு ஐகான் 2024 ஜூலையில் ஒப்பந்த மீறல் அறிவிப்பு அனுப்ப நேர்ந்ததே சான்று.

உள்ளடக்கத்தைத் தணிக்கை செய்வது பதிவகத்தின் வேலையன்று என்னும் வாதம் இங்குப் பொருந்தாது. எவரும் தணிக்கை கோரவில்லை. மொத்தமாகப் பெயர் வாங்குபவர் யார் என்று சரிபார்க்கவும், மோசடி உறுதியானால் முடக்கவுமே கோருகிறோம். இது நடைமுறைக்கு ஒவ்வாது என்போர் சீனாவைப் பார்க்கட்டும். ஒரு யுவானுக்கு விற்கப்பட்ட ‘.சிஎன்’ பெயர்களில் குப்பை அஞ்சல்காரர்கள் குவிந்தனர். 2009 டிசம்பரில் அடையாள ஆவணம் கட்டாயமானதும், அவர்கள் ரஷ்யாவின் ‘.ஆர்யூ’வுக்குப் பெயர்ந்தனர். ஒரு பதிவகம் மட்டும் திருந்தினால் போதாது, விதி அனைவருக்கும் பொதுவாக வேண்டும் என்பதையும் அந்த இடப்பெயர்வே காட்டியது. பெயரை வாங்கி ஐந்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீட்கும் தந்திரமும், அளவுமீறிய திரும்பளிப்புக்கு ஐகான் 2008-இல் கட்டணம் விதிக்கத் தொடங்கிய ஓராண்டுக்குள் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஒழிந்தது. பணம் கைவிட்டுப் போகும் என்றால் பதிவகங்களும் விழித்துக்கொள்ளும். அதைச் செய்ய ஐகான் அதிகாரிகளுக்கு மனமில்லை.

ஐகானின் அரசுகள் ஆலோசனைக் குழுவில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. குப்பை அஞ்சலை முறைகேடாகவே ஒப்பந்தத்தில் சேர்க்கவும், முடக்கத் தவறிய ஒவ்வொரு பெயருக்கும் பதிவகத்திடம் தண்டம் வசூலிக்கவும், அதுவரை புதிய பின்னொட்டு எதையும் வழங்காதிருக்கவும் ஒன்றிய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அங்கு வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்