புரோக்கர் மாமாவை எப்ப மாத்துறது?

அம்மம்மாவின் காணியை விக்கிறதா வேண்டாமா எண்டு எங்கட வீட்டில வருஷக்கணக்கா கதைச்சவை. காணி திரியாயில, புல்மோட்டை வீதியில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு. 1985இல் வீடுகள் எரிந்து ஊரே இடம்பெயர்ந்தபோது வெளிக்கிட்ட குடும்பங்களில எங்கடதும் ஒன்று. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பிப் போன ஆக்கள் இருக்கினம். எங்கட ஆக்கள் போகேல்ல. பெரியம்மா கனடாவில, மாமா லண்டனில, அம்மா திருகோணமலை டவுனில.

கடைசியில விக்கிறதெண்டு முடிவானதும் ஒரு புரோக்கரைப் பிடிச்சம். வெளி ஆள் இல்லை, அம்மாவுக்கு அண்ணன் முறை. கொமிஷன் நூற்றுக்கு மூன்று எண்டு வாயால பேச்சு. ஒன்றரை வருஷம் ஓடிச்சுது. முதல் மாதத்திலேயே அவரை மாத்தியிருக்கோணும் எண்டு இப்ப தெரியுது. ஏன் அப்ப தெரியேல்ல எண்டதைத்தான் எழுதுறன்.

பொதுவா ஆக்கள் சொல்லுற காரணங்கள் இரண்டு: போன் எடுக்கிறாரில்லை, விலையைக் குறைக்கச் சொல்லுறார். இரண்டையும் நான் பெருசா எடுக்கமாட்டன். சீசனுக்கு வயலுக்குள்ள நிக்கிற மனுசன் போன் எடுக்காமல் விடுவார். விலையைக் குறைக்கச் சொல்லுறதும் புரோக்கர் தொழிலுக்குள்ளேயே இருக்கிற விஷயம். கணக்குப் பாருங்கோ. காணி ஒரு லட்சம் கூடப் போனால் உங்களுக்கு 97,000, அவருக்கு 3,000. அந்த 3,000க்காக இன்னும் ஆறு மாதம் அலையிறதைவிட இண்டைக்கே முடிச்சு முழுக் கொமிஷனையும் எடுக்கத்தான் எவரும் பார்ப்பார். நல்ல புரோக்கரும் அப்பிடித்தான்.

அதனால குறைக்கச் சொல்லேக்க என்ன காரணம் சொல்லுறார் எண்டதைக் கவனிக்கோணும். "பக்கத்துக் காணி இந்த விலைக்குத்தான் போனது, இதுதான் உறுதியின்ட கொப்பி" எண்டு காட்டினால் அது தொழில். எங்கட மாமா அப்பிடி ஒன்றும் காட்டேல்ல. "பிள்ளை, இப்ப தள்ளாட்டி தொல்பொருள்காரர் கல்லு நட்டுப்போடுவாங்கள். பிறகு சதத்துக்கும் போகாது" எண்டார். அடுத்த மாதம் வேற பல்லவி: "பத்து வருஷத்துக்கு மேல ஆளில்லாத காணி, சட்டப்படி உங்களிட்ட இல்லை."

இதில ஒவ்வொன்றிலயும் ஒரு துளி உண்மை இருக்கு, அதுதான் ஆபத்து. திரியாய் மலையில கிரிஹண்டு சைத்திய இருக்கு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்துக்கெண்டு தொல்பொருள் ஜனாதிபதி செயலணி அமைச்ச பிறகு ஊரில பயம் இருக்கிறதும் உண்மை. ஆனால் உங்கட காணி எல்லைக்குள்ள வருதா இல்லையா எண்டதை வரைபடத்தை வைச்சுக் கேட்டுப் பார்க்கலாம். வதந்தியை வைச்சு விலை பேசேலாது. பத்து வருஷக் கதையும் அப்பிடித்தான். காணி வெறுமையாக் கிடந்ததால மட்டும் உரிமை போகாது. இன்னொருத்தர் உங்கட உரிமைக்கு மாறாக, தடையில்லாமல் பத்து வருஷம் ஆண்டிருக்கோணும். 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில சேர்க்காமல் விட, நிபந்தனைகளோட, 2016இல் ஒரு தனிச் சட்டமே வந்தது.

புரோக்கர் உங்கட காணியை விட்டிட்டு உங்கட பயத்தை விக்கத் தொடங்கிற நாள்தான் அவரை மாத்தவேண்டிய நாள். அதுக்குப் பிறகு அவர் யாருக்கு வேலை செய்யிறார் எண்டு யோசியுங்கோ. வாங்கிற ஆளை எங்கட கண்ணில காட்டாமல், இரண்டு பக்கமும் இரண்டு விலை சொல்லி, நடுவில நிக்கிற மிச்சத்தை எடுக்கிற வழக்கம் ஊருக்குப் புதிசில்லை.

யோசிக்காமல் அன்றைக்கே மாத்தவேண்டிய சந்தர்ப்பங்களும் இருக்கு. மூல உறுதியைத் தன்னிட்ட வைக்கச் சொன்னால். வெளிநாட்டில இருக்கிறவையிட்ட அற்றோணித் தத்துவம் தன்ர பேருக்குக் கேட்டால். பெர்மிட் காணியை "வெள்ளைத்தாளில எழுதி முடிப்பம்" எண்டால். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடுத்த பெர்மிட் காணியை அரச அனுமதி இல்லாமல் கைமாத்தேலாது. உறுதிக் காணியெண்டாலும் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாத எழுத்துக்குப் பெறுமதி இல்லை. இது 1840ஆம் ஆண்டில இருந்து இருக்கிற சட்டம்.

இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் மாத்தேல்ல? முகத்துக்காக. "அண்ணனை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு நாளைக்குக் கோயிலில எப்பிடி முகம் பாக்கிறது?" எண்டு அம்மா கேட்டா. ஆனால் பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் அது முகம் இல்லை, சொத்து. ஒருத்தரின் சங்கடத்துக்கு மூன்று பேர் விலை குடுக்கேலாது.

கடைசியில அம்மாவே நேர போய்ச் சொன்னா. போனில சொல்லேல்ல, ஆள் விட்டும் சொல்லேல்ல. அவரிட்ட இருந்த கொப்பிகளை எல்லாம் திருப்பி வாங்கினா. அவர் கூட்டி வந்த ஆக்களில யாராவது பிறகு வாங்கினால் அந்தக் கொமிஷன் அவருக்குத்தான் எண்டும் சொன்னா. நியாயம் அதுதான். மாமா இரண்டு மாதம் கதைக்கேல்ல. திருவிழாவில கதைச்சார்.

புதுப் புரோக்கர் கேட்ட முதல் கேள்வி: "உறுதியா, பெர்மிட்டா?" இரண்டாவது: "தோம்பு பார்த்தனீங்களா?" காணிப் பதிவகத்தில பார்த்தால் காணி இன்னும் அம்மம்மாவின் பேரில. பிள்ளைகள் மூன்று பேரும் ஒப்பமிடாமல் எந்த விற்பனையும் நடக்காது. ஒன்றரை வருஷமா ஆக்களைக் கூட்டி வந்த மாமா இதை ஒருநாளும் கேட்கேல்ல.

திரியாய்க் காணியை விக்கிறதே பிழை எண்டு சொல்லுற நண்பர்கள் எனக்கு இருக்கினம். அந்தக் கோபம் எனக்கு விளங்குது. ஆனால் விக்கிறதும் வைச்சிருக்கிறதும் காணிக்காரரின்ட உரிமை. நான் கேட்கிறது ஒன்றுதான்: பயத்தில விக்காதேங்கோ. ஏனெண்டால் நீங்க பயத்தில விட்ட விலை உங்களோட நிக்காது. அதைத்தான் நாளைக்குப் பக்கத்துக் காணிக்காரருக்கு "சந்தை விலை" எண்டு சொல்லுவினம். அவரோ திரும்பி வந்து, கிணறு இறைச்சு, அங்கேயே இருக்கிற மனுசன்.

எங்கட காணி இன்னும் விக்கேல்ல. பெரியம்மாவின் ஒப்பத்துக்குக் காத்திருக்கிறம்.