பெரட்டு நேரமும் நம் உடம்பும்

காலையில் மருந்தகத்துக்கு வரும் காயங்களில் பல இருட்டில் பட்டவை. உளி வழுக்கிக் கையைக் கிழித்தது, கானில் கால் தவறியது, சருகுக்குள் ஏதோ கடித்தது. கேட்டால், "இன்னும் விடியலையே டிரெஸர் ஐயா, கண்ணு எங்க தெரியுது?" என்கிறார்கள். கடிகாரம் ஆறு என்கிறது. சூரியனுக்கு அப்போது ஐந்துகூட ஆகவில்லை.

இது எப்படி வந்தது? 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணியை நள்ளிரவு 12 என்று ஆக்கினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பது காரணம். அதற்கு முன்பும் கடிகாரம் சும்மா இருக்கவில்லை. 1933இல் 20 நிமிடம் தள்ளினார்கள், 1941இல் இன்னும் 10 நிமிடம். ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரம், அதாவது மேலும் ஒன்றரை மணி. இன்று மலாக்காவில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிக்கு மேல்.

ஒரே நாட்டுக்கு ஒரே நேரம் என்பதை நான் குறை சொல்லவில்லை. சாயங்காலம் ஏழு மணி வரை வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் 1982இல் நடந்ததை என் அம்மா சொல்வார்: "கடிகாரத்தை மாத்துனாங்க, பெரட்டு மணிய மாத்தலப்பா. அதே மணிக்குத்தான் வரச் சொன்னாங்க. அரை மணி தூக்கம் அன்னிக்குப் போனதுதான்."

ஐரோப்பாவில் வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள். வசந்தத்தில் முன்னே தள்ளிய வாரத்தில் மாரடைப்பு சற்றுக் கூடுகிறது என்று சுவீடன் மருத்துவர்கள் 2008இல் எழுதினார்கள். இந்த வழக்கத்தையே நிறுத்த ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் வாக்களித்தது. நாடுகள் ஒத்துவராததால் முடிவு தொங்குகிறது. அங்கே ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு நாடாளுமன்றம் கூடுகிறது. நம் அரை மணியைப் பற்றி யார் பேசினார்கள்?

நமக்குப் பருவ மாற்றம் இல்லை என்று நினைக்க வேண்டாம். பகலின் நீளம் வருஷம் முழுக்கக் கால் மணிதான் கூடிக் குறைகிறது, ஆனால் விடியல் அரை மணி நகர்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஏழுக்கு முன்பே சூரியன் வந்துவிடும். பிப்ரவரியில் 7.20 தாண்டும். 1935 முதல் 1941 வரை சரவாக்கில் செப்டம்பர் 14 முதல் டிசம்பர் 14 வரை மட்டும் கடிகாரத்தை 20 நிமிடம் முன்னே வைத்தார்கள். சூரியன் முந்தி வரும் மாதங்கள் அவைதான். கடிகாரத்தையே நகர்த்த முடிந்தது என்றால் பிப்ரவரியில் பெரட்டை 20 நிமிடம் தள்ள முடியாதா? "செக்ரோல் குழம்பும்" என்று ஒரு தோட்டத்தில் பதில் வந்தது! ரப்பருக்காவது, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்ற நியாயம் உண்டு. செம்பனைக் குலை வெட்ட இருட்டு எதற்கு? வெயிலுக்கு முன் முடிக்கலாம் என்பார்கள், சரி. அதற்கு விடிந்த பிறகு புறப்பட்டாலும் நேரம் இருக்கிறது. கிளைக் கமிட்டிகள் இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

எனக்கு அதிகப் பயம் இன்னொன்றில். சர்க்கரை வியாதிக்காரர்கள் நாலரைக்கு மாத்திரையைப் போட்டு, வெறும் வரக்காப்பியோடு மரத்துக்குப் போகிறார்கள். பசியாறுவது ஒன்பதரைக்கு. சில மாத்திரைகள் சாப்பாடு இல்லாமல் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், இருட்டில் தனியாக விழுந்தால் யார் பார்ப்பது? அப்படி ஒரு அம்மாளைத் தூக்கி வந்தார்கள். நல்லவேளை, பக்கத்து நிரையில் ஆள் இருந்தது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வேலைக்குப் புறப்படும் மணியையும் பசியாறும் மணியையும் ஒரு சீட்டில் எழுதி, மாத்திரை அட்டையோடு கொண்டு வாருங்கள். எந்த வேளைக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை சட்டைப் பையில் நாலு இனிப்பு மிட்டாய் இருக்கட்டும்.