காட்டினுட் கரும்பு

சென்ற பருவத்தில் நம் தமிழ் மன்றத்தில் நிகழ்ந்த சொற்போரொன்றில், கண்ணாற் காணாதவற்றை எழுதும் ஓவியர் அனைவரும் வாழ்க்கைப் போரிற் புறங்கொடுத்து ஓடியவரே என்று நண்பரொருவர் முழங்கினார். அவையோர் கைகொட்டினர். அன்று விடைகூற என் நா எழவில்லை. கியூபா நாட்டு ஓவியர் விஃப்ரெடோ லாம் என்பாரது வரலாற்றையும், 'காடு' என்னும் அவர்தம் ஓவியத்தையும் கொண்டு அவ்விடையை ஈண்டுக் கூறத் துணிகின்றேன்.

லாம் 1902-ஆம் ஆண்டிற் கியூபாவிலுள்ள சாகுவா லா கிராண்டே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சீனர், தாயாரோ ஆப்பிரிக்கக் குருதியும் ஸ்பானியக் குருதியும் கலந்த குடியினர். இவருடைய ஞானத்தாயாகிய மந்தோனிகா வில்சன் ஆப்பிரிக்க வழிபாடொன்றின் பூசாரிணி. அடிமைகளாய் வந்த மக்கள் தம் பழந்தெய்வங்களைத் திருச்சபைப் புனிதர் பெயர்களுள் மறைத்துப் போற்றிய வழிபாடு அது. கிறிஸ்தவனாகிய எனக்கு அது உடன்பாடன்று. எனினும், தாம் வணங்கும் தெய்வத்தின் பெயரையும் மறைத்து வைக்குமாறு அவர்களை நெருக்கியவர் யாவர் என்று எண்ணுங்கால், தலைகுனிய வேண்டியவர் அம்மக்களல்லர்.

1923-ல் ஓவியம் பயில ஸ்பெயின் சென்ற லாம், 1931-ல் மனைவியையும் மகனையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பின்னர் ஆங்கெழுந்த உள்நாட்டுப் போரிற் குடியரசின் பக்கம் நின்றார். 1938-ல் பாரிஸ் சேர்ந்து பிக்காசோவின் நட்பைப் பெற்றார். ஜெர்மானியப் படை அந்நகர் நோக்கி வரவே மீண்டும் ஓட்டம். 1941-ல் மார்சேல் துறையிற் கப்பலேறி, மார்த்தினிக்குத் தீவிற் சிலநாள் தங்கி, பதினெட்டு ஆண்டுகட்குப்பின் கியூபாவை அடைந்தார். (அம் மார்த்தினிக்கின் கரும்புத் தோட்டங்களுக்கு 1853 முதல் தமிழரும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்டனர்.)

இதுவரை அவர் ஓடியது உண்மையே. ஆனால் ஓட்டம் நின்ற இடத்திற் பிறந்த ஓவியத்தையன்றோ நாம் நோக்கவேண்டும்? அக்காலத்து ஹவானா, அயல்நாட்டுச் செல்வர் ஆடலும் சூதும் நாடி வந்து களிக்கும் நகரம். அவர் விரும்பும் வண்ணம் தென்னையும் நடனமாதரும் எழுதியிருப்பின் எளிதில் விலைபோயிருக்கும். லாம் அதற்கு இசையாது, 1942–43-ல் 'காட்டை' எழுதினார்.

ஏறத்தாழ 8 அடி உயரமும் 7½ அடி அகலமும் உடையது அது. நெருங்கிய கரும்புக் கழிகள். அவற்றூடே, கழியெது காலெது என்று பிரித்தறியவொண்ணா மானிட உருவங்கள். பிறைபோலும் முகமூடி முகங்கள். உடலுக்கு ஒவ்வாப் பெரும்பாதங்கள். காடு என்று பெயரிட்டாரேனும், கரும்பு காட்டில் தானே தழைப்பதன்று. மக்கள் நட்டு, வெட்டி, ஆலையிலிட்டுப் பிழிவது. கியூபாவில் 1886-ல் அடிமைமுறை ஒழியும்வரை அவ்வேலைக்குப் பெரும்பாலும் அடிமைகளே உழைத்தனர். கருப்பொருளைக் கொண்டே நிலத்தையும் அந்நிலத்தார் உள்ளத்தையும் உணர்த்துவது நம் சங்கச் சான்றோர் மரபு. இங்குக் கருப்பொருள் கரும்பு. அதனைக் காணாதவர்க்கு இவ்வோவியம் வெறுங்கனவாகவே தோன்றும், குறை ஓவியத்தினதன்று. 1945-ல் இதனை வாங்கிய நியூயார்க்கு நவீனக் கலைக்கூடத்தாரே, மேலங்கிகளைக் கழற்றிவைக்கும் அறைக்குச் செல்லும் நடையில் இதனை நெடுங்காலம் மாட்டியிருந்தனர் என்றால் வேறு யாரை நோவது!

லாம் பிற்காலத்திற் பெரும்பாலும் ஐரோப்பாவிலேயே வாழ்ந்து, 1982-ல் பாரிஸில் மறைந்தார். நண்பர் இதனை எடுத்துக்காட்டின் யான் மறுக்கேன். எனக்கும் அது குறையாகவே படுகின்றது.

யான் கண்டது அச்சுப்படியே. அதன் வலப்பக்க மேல் மூலையில் ஓர் உருவம் கத்தரிக்கோல் ஏந்தி நிற்கின்றது. கரும்பு வெட்டக் கத்தரிக்கோல் உதவாது, அரிவாளன்றோ வேண்டும்? பின்னை, அது எதனை வெட்டுதற்கு என்று நண்பரையே கேட்க விரும்புகின்றேன்.