மலைப் பள்ளத்தாக்குக் கருமண்: வடிகாலை ஆழப்படுத்தும் முன் யோசியுங்கள்

நீலகிரியில் நீர்போகத்துக்கு நிலம் தயார் செய்யும் காலம் நெருங்கினால் எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "பள்ளத்து நிலத்தில் தண்ணீர் நிற்கிறது. வடிகால் எவ்வளவு ஆழம் வெட்டலாம்?" கோடையானால் அதே விவசாயிகளிடமிருந்து வேறு கேள்வி வரும். "கிணற்றில் தண்ணீர் இல்லை, என்ன செய்வது?" இரண்டுக்கும் தொடர்பு உண்டு. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் வெப்பம் 29 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகு, இதைத் தள்ளிப்போட முடியாது.

இது கரிசல் அல்ல

ஓடையை ஒட்டிய பள்ளங்களில் நீங்கள் பார்க்கும் கறுப்புக் களிமண்ணைக் கோவில்பட்டிக் கரிசலோடு ஒப்பிடாதீர்கள். கரிசலில் சுண்ணாம்பு உண்டு. அது காரத்தன்மை கொண்டது. காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். மலைப் பள்ளத்து மண்ணோ அமிலத்தன்மை கொண்டது. சரிவிலிருந்து மழையில் இறங்கிய நுண்ணிய களி இங்கே படிகிறது. குளிரும் தேங்கிய நீரும் சேர்வதால் புல்லும் வேரும் முழுதாக மட்குவதில்லை. அந்த மட்குதான் மண்ணுக்குக் கறுப்பு நிறம் தருகிறது. நீர் நின்றதால்தான் இந்த மண் உருவானது.

தலைகுந்தாவை அடுத்த பைன் காட்டுச் சரிவில் இறங்கினால் காமராஜ் சாகர் அணையின் கரைக்கு வருவீர்கள். அங்குள்ள பைன் மரங்கள் மனிதர் நட்டவை. ஆனால் அந்தச் சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் கருமண் மிகப் பழையது. அங்கே எடுத்த மட்கு அடுக்குகளைக் கொண்டு, கடந்த 20,000 ஆண்டுகளின் பருவநிலை மாற்றத்தை ராமன் சுகுமார் குழுவினர் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவ்வளவு காலம் சேர்ந்த மண்ணைப் பொக்லைன் ஒரே நாளில் புரட்டிவிடும்.

முதல் விளைச்சல் ஏமாற்றும்

ஆழமாக வடிகால் வெட்டியதும் மண்ணுக்குள் காற்று புகும். அதுவரை தூங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் மட்கை வேகமாகச் சிதைக்கும்; அதிலிருந்து தழைச்சத்து வெளிவரும். அதனால் முதல் சில போகங்கள் அமோகமாக இருக்கும். 'உரமே தேவையில்லை' என்று தோன்றும். உண்மையில் நீங்கள் வட்டியில் சாப்பிடவில்லை, முதலை எடுத்துச் சாப்பிடுகிறீர்கள்.

மட்கு கரையக் கரைய நிலமட்டம் தாழும். மறுபடி தண்ணீர் நிற்கும். வடிகாலை இன்னும் ஆழப்படுத்துவீர்கள். நிலம் இன்னும் தாழும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென் சதுப்பை வடித்தபோது, 1851இல் தரைமட்டத்துக்குச் சமமாக ஒரு இரும்புத் தூணை இறக்கினார்கள். இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. நம் பள்ளங்களில் களி அதிகம் என்பதால் அந்த அளவு தாழாது; ஆனால் நடப்பது அதேதான். இன்னொரு சிக்கலும் உண்டு. மட்கு நிறைந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மறுபடி எளிதில் நீரை உறிஞ்சாது. மழை அதன் மேல் ஓடிவிடும்.

இதை நான் ஒதுங்கி நின்று சொல்லவில்லை. பணிக்கு வந்த புதிதில் ஒரு கேரட் விவசாயியிடம் மூன்றடி ஆழத்துக்கு வடிகால் வெட்டச் சொன்னவன் நான். இரண்டு போகம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான்காம் வருடக் கோடையில் நிலத்தோரக் கிணறு வற்றியது. "தண்ணிய வெளியே அனுப்பச் சொன்னீங்க சார். இப்ப எங்க போய் அதைக் கூப்பிடறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

செம்மண் கொட்டி நிரப்பலாமா?

கூடாது. கனரக இயந்திரம் ஈரக் களியை அமுக்கி ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. அதுபோன்ற மழையில் வெள்ளம் பரவி நிற்க இடம் வேண்டும். நீங்கள் நிரப்பிய பள்ளத்தில் நிற்க வேண்டிய வெள்ளம் கீழே இருப்பவரின் வயலில் ஏறும்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிட முடியாது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ராம்சர் தளங்களுக்கும் அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும்தான் பொருந்தும். பட்டா நிலத்துக்குள் இருக்கும் அரை ஏக்கர் சதுப்பின் கதி பெரும்பாலும் உங்கள் முடிவில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

• இதுவரை உழாத சதுப்பை உழாமல் விடுங்கள். அது உங்கள் கோடைக் கிணற்றின் சேமிப்புக் கணக்கு.

• ஏற்கெனவே பயிர் செய்யும் பள்ளத்தில் இரண்டடிக் குழி தோண்டிப் பாருங்கள். சாம்பல் நிறக் களியில் துருப்புள்ளிகள் தொடங்கும் ஆழம்தான் நீர்மட்டம் ஏறி இறங்கும் எல்லை. அதற்குக் கீழே வடிகாலைக் கொண்டுபோகாதீர்கள்.

• வடிகாலை ஆழப்படுத்துவதற்குப் பதில் பாத்தியை உயர்த்துங்கள். அரை அடி முதல் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தியும் ஒரு அடி வாய்க்காலும் பெரும்பாலான இடங்களில் போதும்.

• மழை ஓய்ந்ததும் வாய்க்காலின் கடைவாயை மணல் மூட்டையால் அடையுங்கள். கனமழை வந்தால் எடுத்துவிடலாம். கோடையில் நீர்மட்டம் காக்க இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

• கறுப்பாக இருப்பதால் சுண்ணாம்பு வேண்டாம் என்று நினைக்காதீர்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவரில் வேர் தடித்து வீங்கும் நோய்க்கு அமில ஈரமண் மிகவும் பிடிக்கும். களியும் மட்கும் மிகுந்த மண்ணில் அமிலத்தைக் குறைக்கச் சரிவு நிலத்தைவிட அதிகச் சுண்ணாம்பு தேவைப்படும். எனவே பள்ளத்து மண்ணைத் தனியாகப் பரிசோதித்து, அதன் பரிந்துரைப்படி இடுங்கள். பக்கத்து வயலின் அளவைப் பின்பற்ற வேண்டாம்.

• ஓடைக்கரையில் சில அடி அகலத்துக்குப் புல்லையும் கோரையையும் வெட்டாமல் விடுங்கள். மேலே சரிவில் சமமட்ட வரப்பு போடுங்கள். இல்லையென்றால் அங்கிருந்து இறங்கும் செம்மண்ணே கருமண்ணை மூடிவிடும்.

ஆழ வடிகால் ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? இந்தப் போகத்திலேயே கடைவாயை உயர்த்தத் தொடங்குங்கள். கரைந்த மட்கு நம் காலத்தில் திரும்பாது. மிச்சம் இருப்பதையாவது நிறுத்திவைக்கலாம்.