ஆத்துமாவுக்கு ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு துட்டி வீடு. இறந்தது என் பெரியம்மா. வயது 83. நிறைந்த சாவுதான்.

வாசலில் ஃப்ளெக்ஸ் போர்டு. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று பெரிய எழுத்தில். உள்ளே பெட்டியின் தலைமாட்டில் மைக்கோடு நின்ற பிரசங்கியார், ‘அம்மா இந்நேரம் பரலோகத்தில் தூதர்களோடு பாடிக்கொண்டிருக்கிறார்கள்’ என்கிறார். அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

‘‘மாமா, வெளிய உறங்குதான்னு எழுதியிருக்கு. இவரு பாடுதான்னு சொல்லுதாரு. எதுவாக்கும் சரி?’’

நான் பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட்தான். முழித்தேன்.

அதற்குள் பிரசங்கியார் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். ‘ஆனால், அம்மா அங்கே தன் புருஷனைத் தேடினால் கிடைக்க மாட்டார்!’

பெரியப்பா கடைசி வரை சர்ச் வாசலை மிதிக்காதவர். கொஞ்சம் குடிப்பார். பனையேறிச் சம்பாதித்த காசில் நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அதுவரை அம்மாவுக்காக அழுதவள், அந்த நிமிடத்திலிருந்து அப்பாவுக்காக அழ ஆரம்பித்தாள். பெரியப்பா போய்ச் சேர்ந்து 20 வருடம் ஆகிறது, சார்!

அந்தப் பிரசங்கியார் பெயரும் சபையின் பெயரும் வேண்டாம். இந்த மாதிரி ஆட்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். என் சண்டை அந்த மைக்கோடு.

அக்கா மகள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. கடைசி நாளில் மரித்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் பெரிய தகராறு கிடையாது. அதுவரைக்கும் செத்தவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்பதில்தான் தகராறு.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தையே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை 2022 மே 15-ம் தேதி ரோமில் புனிதராக அறிவித்தார் போப் பிரான்சிஸ். கத்தோலிக்கக் கணக்குப்படி அவர் எந்தக் காத்திருப்பும் இல்லாமல் இப்போதே கடவுளுக்கு முன்னால் இருக்கிறார். அவரிடம் வேண்டிக்கொள்ளலாம். சாதாரண ஜனங்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. அவர்களுக்காகத்தான் நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் தோட்டமெல்லாம் மெழுகுவர்த்தி.

அங்கிருந்து அதிக தூரமில்லை மயிலாடி. 1806-ல் ரிங்கல்தௌபே வந்து ஊன்றிய சீர்திருத்த வழி. அங்கே செத்தவர்களிடம் வேண்டுதலும் இல்லை, செத்தவர்களுக்காக ஜெபமும் இல்லை. ஆத்துமா இளைப்பாறுகிறது, அவ்வளவுதான். செவந்த் டே அட்வென்டிஸ்ட்காரரைக் கேளுங்கள். ‘பாட்டும் இல்லை, பரதீசும் இல்லை. எக்காளம் ஊதும் வரை நினைவே இல்லாத தூக்கம்’ என்பார். இரட்சணிய சேனையிலோ மரணம் என்பது மகிமைக்குக் கிடைக்கும் பதவி உயர்வு!

சரி, வேதத்தைப் புரட்டினால் தீர்ந்துவிடுமா? தீராது. செத்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பிரசங்கி புத்தகம் சொல்கிறது. லூக்காவிலோ ஐசுவரியவான் செத்த பிறகு ஆபிரகாமோடு பேசுகிறான். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு பரதீசை வாக்களிக்கும்போது ‘இன்றைக்கு’ என்கிறார். இன்றைக்கே பரதீசா, இல்லை ‘இன்றைக்குச் சொல்கிறேன்’ என்பதா? ஒரு கமாவை எங்கே போடுவது என்பதில் சண்டை. பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்தக் கமாவே கிடையாது.

பெரிய தலைகளே இதில் தடுமாறியிருக்கின்றன. 1331-ல் போப் இருபத்திரண்டாம் ஜான், பரிசுத்தவான்களும் கடைசி நியாயத்தீர்ப்பு வரை கடவுளை முழுமையாகப் பார்ப்பதில்லை என்று பிரசங்கித்தார். பாரிஸ் பண்டிதர்கள் கொதித்தார்கள். 1334-ல் மரணப் படுக்கையில் அதை வாபஸ் வாங்கினார் போப். இரண்டே வருடத்தில் அடுத்த போப் அதற்கு நேர் எதிரானதைச் சபையின் போதனையாக்கினார். இந்தப் பக்கம் லூத்தர் பல இடங்களில் மரணத்தைத் தூக்கம் என்றே எழுதினார். கால்வினோ ஆத்துமா தூங்குவதில்லை என்று நிரூபிக்கவே தனிப் புத்தகம் போட்டார்.

போப்பே வாபஸ் வாங்கிய விஷயத்தில், துட்டி வீட்டு மைக்குக்கு மட்டும் எங்கிருந்து சார் இவ்வளவு நிச்சயம்?

‘உண்மையைச் சொல்வது எங்கள் கடமை, ஆறுதலுக்காக அதை மறைக்க முடியாது’ என்பார்கள். ரொம்ப சந்தோஷம். அப்படியானால் முழு உண்மையையும் சொல்லுங்கள். இதில் எங்களுக்குள்ளேயே பல நூற்றாண்டாக வழக்கு நடக்கிறது என்பதையும் அதே மைக்கில் சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள். ஏனென்றால் அந்த இடைக்காலத்தைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் உயிரோடு இருப்பவர்களின் குடுமி இருக்கிறது. செத்த உறவினரின் வேதனையைக் குறைக்கலாம் என்று ஐரோப்பாவில் சீட்டு விற்றார்கள். 1517-ல் லூத்தர் எழுந்தது அந்த வியாபாரத்தை எதிர்த்துத்தான். இன்றைக்கு சீட்டு இல்லை. பயம்தான் கரன்சி.

2017 நவம்பர் 30. ஒக்கி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று நம் மேற்குக் கடற்கரை ஊர்களிலிருந்து போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. பெட்டி இல்லை, கல்லறை இல்லை. நவம்பர் 2-ம் தேதி அந்த வீட்டுப் பெண் மெழுகுவர்த்தியை எங்கே கொண்டுபோய் ஏற்றுவாள்? காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருடம் தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சட்டம். ஒக்கியில் அரசாங்கமே அத்தனை காலம் காத்திருக்காமல் அந்தக் குடும்பங்களுக்கு 20 லட்சம் கொடுத்தது. அரசாங்கத்துக்கே இளகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணிடம் போய், ‘உன் புருஷன் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது எப்போது?’ என்று கேட்க உங்களுக்கு நாக்கு வருமா?

அவளுக்குச் சொல்ல வேறு ஒன்று அதே வேதத்தில் இருக்கிறது. கடைசி நாளில் கடலும் தன்னிடம் உள்ள மரித்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்ற நம்பிக்கை. அதில் எல்லாச் சபையும் ஒன்று. அதைச் சொன்னால் போதாதா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் வைப்போம். விவரம் வந்த பிறகு உரிய இடத்துக்கு மாற்றுவோம். விவரம் வராமலேயே நஷ்டக் கணக்கில் எழுதுகிறவனுக்கு மோசடிக்காரன் என்று பெயர். உங்கள் நம்பிக்கைப்படியே கடைசி ஆடிட் இன்னும் நடக்கவில்லை. ஆடிட்டரும் நீங்கள் இல்லை. பிறகு ஏன் என் பெரியப்பாவின் கணக்கை நீங்கள் முடிக்கிறீர்கள்?

அடுத்த முறை உங்கள் வீட்டுத் துட்டியில் இப்படி மைக் நீண்டால், எழுந்து போய் மெதுவாகச் சொல்லுங்கள். ‘ஐயா, ஜெபம் பண்ணுங்க. அட்ரஸ் சொல்லாதீங்க.’

அக்கா மகளுக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில்? ‘‘தெரியாது மக்கா. அவருக்கும் தெரியாது.’’

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அக்காவிடம் போய் காதில் சொன்னாள். ‘‘தாத்தா எங்கன்னு அவருக்குத் தெரியாதாம்மா. மாமா சொன்னாரு.’’

அழுகைக்கு நடுவே அக்கா என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு அவள் கேட்ட முதல் ஆறுதல் அதுதான்.