மஹல்லாவை விட்டு வந்த மகள்

எம்மிடம் ஐந்தாண்டுகள் ஓதிய மாணவி ஒருத்தி, மணமுடித்துச் சென்ற இரண்டாம் மாதத்தில் அலைபேசியில் அழைத்தாள். மக்ரிபுக்குச் சற்று முந்திய நேரம். நலம் விசாரித்தபின், "உஸ்தாதா, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நம் ஊர் பாங்கைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்" என்றாள். மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். எந்தப் பள்ளிவாசலில் எந்த மோதினார் பாங்கு சொல்கிறார் என்பதைக் குரலைக் கொண்டே சொல்லிவிடுவாள். இப்போது சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் வசிக்கிறாள். அங்கே பாங்கு கேட்பதில்லை. அலைபேசிதான் வக்து சொல்கிறது.

அவள் அழுதது கணவர் வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. "எல்லாப் பெண்களும் இப்படித்தானே வருகிறார்கள், உனக்கு மட்டும் என்ன?" என்று மாமியார் கேட்டாராம். ஸப்ர் இல்லாதவள் என்ற பேச்சும் வந்துவிட்டது. கணவர் நல்ல பிள்ளை. ஆயினும் என்ன சொல்வதென்று அறியாமல் நிற்கிறார்.

பிறந்த தெருவை நினைத்து அழுவது ஸப்ரின்மை என்று யார் சொன்னது? மக்காவை விட்டுப் புறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அந்த மண்ணை நோக்கி, தம்மை வெளியேற்றியிராவிட்டால் அதை விட்டுப் போயிருக்கமாட்டோம் என்ற பொருள்படக் கூறியதாகத் திர்மிதியில் காண்கிறோம். மதீனா வந்தபின் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) இருவரும் காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) மக்காவின் புல்லையும், நீர்நிலையையும், மலைகளையும் பெயர் சொல்லி ஏங்கினார்கள். எந்த ஊர் மக்காவில்? சுடுமணலில் கிடத்தி நெஞ்சின்மேல் பாறாங்கல்லை ஏற்றிய அதே ஊரில்தான். அங்கே அவ்வளவு துன்பப்பட்டவருக்கே அந்த ஏக்கம் இருந்ததென்றால், உம்மாவின் மடியிலும் தோழியரின் நடுவிலும் வளர்ந்த பெண்ணுக்கு இருக்காதா?

ஆயிஷா (ரலி) அவர்கள் இச்செய்தியைச் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மக்காவை நேசித்ததுபோல, அல்லது அதைவிட மிகுதியாக, மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக ஆக்குவாயாக என்று துஆச் செய்தார்கள். புகாரியில் உள்ளது இது. பழைய ஊரை மறக்கச் செய் என்று அவர்கள் கேட்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தம் மகள் ஃபாத்திமா (ரலி) விஷயத்திலும் அப்படித்தான். மணமானபின் அலீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த வீடு சற்றுத் தொலைவில் இருந்தது. மகள் அருகில் இருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் விரும்பியதை அறிந்த ஹாரிஸா பின் நுஃமான் (ரலி), பக்கத்திலிருந்த தம் வீட்டையே விட்டுக்கொடுத்ததாக இப்னு ஸஅத் பதிவுசெய்திருக்கிறார்.

பெண்தான் பெயர்ந்து போகவேண்டும் என்பதும் எங்கும் ஒரேமாதிரி இல்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகும் வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது. அந்த மாப்பிள்ளைமாரைக் கேட்டால் புது வீட்டின் முதல் இரவுச் சாப்பாடு தொண்டையில் இறங்காத கதையைச் சொல்வார்கள். (சொல்லமாட்டார்கள், ஆண்கள் அல்லவா!)

மார்க்கச் சட்டம் இதில் நம் குடும்பங்களைவிட இரக்கமுடையது. மனைவிக்கு வசதிக்கேற்ப உறைவிடம் தருவது கணவரின் கடமை. ஹனஃபி நூலான அத்துர்ருல் முக்தார் ஒரு படி மேலே போய், அண்டை அயலார் இல்லாத வீடு மார்க்கம் கூறும் உறைவிடமே ஆகாது என்கிறது. நான்கு சுவரும் குளிர்சாதனமும் இருந்தால் போதாது, பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும் என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்! வாரம் ஒருமுறை பெற்றோரைப் பார்க்க விடாமல் தடுக்கக்கூடாது என்பது ஹிதாயா சரியெனக் காட்டும் கருத்து. அறுநூறு கிலோமீட்டர் தொலைவில் வாரந்தோறும் இயலாதுதான். ஆனால் பெருநாளைக்குப் பெருநாள்தான் தாய்வீடு என்று விதி வகுப்பதும், அதையும் பெரிய சலுகையாகச் சொல்லிக்காட்டுவதும் எந்தக் கிதாபில் இருக்கிறது?

நாமும் இருபது ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்தாம். முதல் ரமளானில் அஸருக்குப் பின் தூக்குச்சட்டியுடன் பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சிக்கு நிற்கும் சிறுவர்களைப் பார்த்துக் கண் கலங்கினோம். எம் மாமி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கஞ்சியில் ஒரு கிண்ணம் ஊற்றித் தந்து, "எதிர்வீட்டு ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டு வா, அவரும் உங்கள் ஊர்ப்பக்கம்தான்" என்றார். அந்த ராத்தாவின் வீட்டுத் திண்ணையில்தான் எமக்கு இந்த ஊர் பிடிக்கத் தொடங்கியது.

இதையெல்லாம் மாணவியிடம் சொன்னோம்; அவள் கணவரிடமும் பேசினோம். அந்தத் துஆவை இருவருமாக ஓதச் சொன்னோம். அடுத்த விடுமுறையில் மனைவியுடன் ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கி ஸலாமும் வணக்கமும் சொல்லிவாருங்கள் என்றோம். கூச்சப்பட்டார், ஆனாலும் போனார் போலும்.

சென்ற வாரம் மீண்டும் அழைத்தாள். கீழ்த்தளத்து அம்மாள் ஒருவர் கறிவேப்பிலை கேட்டு வந்தாராம். பேச்சு மும்முரத்தில் பெயரைக் கேட்க மறந்துவிட்டாளாம். பேச்சு நீண்டுகொண்டே போனது. மக்ரிப் பாங்கு எம் ஜன்னல் வழியே ஒலித்தபோதுதான் இருவரும் நிறுத்தினோம்.